காம்பஸ் டப்பாவில் நீல மாத்திரை

தாபோடி, புனே
ஞாயிற்றுக்கிழமை, மதியம் லுஹர் தொழுத பொறவு

அன்பு மகன் ஆஸிமுக்கு, உன் உம்மா ஹபீபா ஸலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் உன்னை அங்கே சுகத்தோட வச்சிருக்கணும். நாங்களும் சுகம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், ஆனா கை வரலை, முக்கால்வாசி சுகம்னு வச்சுக்கோ. காகிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை, வாப்பா கடையில இருக்காக, மழை விடாமப் பெய்யுது, கடையில பாயும் கொசுவலையும் நல்லா விக்குது. போன் இருக்கும்போது இதென்ன கடுதாசின்னு கேப்பே. என் போன் எப்பவும் உன் தங்கச்சி கையிலதான் இருக்கு, நான் வாய்ஸ் அனுப்பினாலும் அவ கேட்டுட்டுத்தான் அனுப்புதா. வாப்பா போன்ல பேசலாம்னா அவுகளுக்கு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசத் தெரியும், பாய் வாங்க வந்த ஆளும் சேர்ந்து கேப்பான். இந்தக் காகிதத்தை நான் அடுப்பு மேடையில விரிச்சு வச்சு எழுதினாலும் இன்ஷாவுக்குத் தமிழ்ல அவ பேரைத் தவிர ஒரு எழுத்து படிக்க வராது. இப்பக்கூட எட்டிப் பார்த்துட்டு, என்னம்மா ஜிலேபி பிழியுதேன்னு கேட்டுட்டுப் போறா. நீ அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஊர்ல மாமா வீட்ல இருந்து படிச்சது இப்பத்தான் எனக்கு உதவுது. விஷ்ராந்த்வாடி சியாமளா ஆன்ட்டி மகன் ஸ்ரீவத்சன் கம்பெனி வேலையா தோஹா வாரான், வியாழக்கிழமை புறப்படுறான், அவன் கையில கொடுத்தனுப்புறேன். கூடவே மாசிக் கருவாட்டுத் தூளும் நல்லா ரெண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கேன், அவன் ஐயர் வீட்டுப் பிள்ளை, பாவம், கொண்டுபோறேன்னு ஒத்துக்கிட்டான்.

விஷயம் இன்ஷாவைப் பத்தி. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை அவ பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா. உன்கிட்ட லேசா தலைசுத்தல்னு சொன்னோமே, அது லேசு இல்ல. ஸ்கூல்லேருந்து போன் வந்ததும் நான் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ரிக்ஷாவுல ஓடினேன். பெஞ்சுல படுக்க வச்சு குளுக்கோஸ் தண்ணி கொடுத்திருந்தாக. முகம் சுண்ணாம்பு மாதிரி. பக்கத்துல இன்னும் ரெண்டு பிள்ளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னன்னு கேட்டா, மாத்திரை கொடுத்த பொறவுதான் இப்படின்னு பிள்ளைங்க சொல்லுது. ஆறாங்கிளாஸ்லேருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் திங்கட்கிழமை திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பொறவு ஒரு நீல மாத்திரை கொடுக்காக, ரத்தம் ஊறுறதுக்கு, சர்க்கார் மாத்திரை. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. அங்கேயே நின்னு, எங்க பிள்ளைங்களுக்கு என்ன விஷத்தைக் கொடுக்கீங்கன்னு ஹிந்தியில கத்தின கத்துல ரோட்டுல போறவன்லாம் உள்ளே வந்துட்டான். வகுப்பு டீச்சர் தீபா, நல்ல பொம்பளை, கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்ஷா மதியம் சாப்பிட்டாளான்னு நிதானமாக் கேட்டுப் பாருங்க, வெறும் வயித்துல போட்டா இப்படி ஆகும்னு சொன்னாக. நான் கேக்கலை. பிள்ளை சாப்பிட்டாளா இல்லையான்னு பார்க்க வேண்டியது நீங்களா நானான்னு திருப்பிக் கேட்டேன்.

போன வருஷம் டி.சி. விஷயமா போன என்னைப் பிடிச்சு பள்ளிக்கூடக் கமிட்டியில உக்கார வச்சாகளே, அம்மாமார் பாதிப் பேர் இருக்கணும்னு சட்டமாம், அந்தக் கமிட்டி அந்த வெள்ளிக்கிழமை கூடிச்சு. இதுவரைக்கும் அங்கே நான் வாயைத் திறந்தது, கிச்சடியில உப்பு அதிகம்னு ஒரு தடவைதான். அன்னிக்கு எழுந்து நின்னேன், மாத்திரையை நிறுத்துங்கன்னு சொன்னேன். கூட நாலு அம்மாமார் எழுந்துட்டாக. பெரிய டீச்சர் பயந்துபோய், அடுத்த கமிட்டி வரைக்கும் மாத்திரை கிடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாக. தீபா டீச்சருக்கு ஏன் பார்க்காமக் கொடுத்தீங்கன்னு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வேற போச்சு. மறுநாள் காய் வாங்கப் போன பாஜி மண்டியில எனக்கு எவ்வளவு மரியாதைன்னு நீ பார்த்திருக்கணும், கொத்தமல்லிக்காரி சும்மாவே ஒரு கட்டு கொடுத்தா, ஒருத்தி வீடு தேடி ஷீரா கிண்டிக் கொண்டுவந்தா. நானும் ஏதோ பெரிய காரியம் பண்ணிட்டதா நினைச்சு வாங்கிச் சாப்பிட்டேன். இப்ப நினைச்சா அந்த ஷீரா தொண்டையிலேயே நிக்குது.

அப்புறம் ரத்தம் பார்த்தோம். பன்னெண்டு இருக்கணுமாம், அவளுக்கு ஏழு புள்ளி நாலு. தவாகானா டாக்டரம்மா காகிதத்தைப் பார்க்காக, அவளைப் பார்க்காக, ஒரு வருஷமா வாராவாரம் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்கு இப்படி இருக்கக் கூடாதேன்னு சொல்லுதாக. பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல எல்லாத் திங்கட்கிழமையும் டிக் இருக்கு, நானே பார்த்தேன். அப்படின்னா உள்ளே வேற ஏதாவது கோளாறு இருக்கலாம்னு இன்னும் நாலு டெஸ்ட் எழுதிட்டாக. அந்த நாலு நாளும் உன் வாப்பா சரியாச் சாப்பிடலை ஆஸிம். கடையை மூடிட்டு மாதுளம்பழமும் பீட்ரூட்டும் ஈரலுமா வாங்கிக்கிட்டு வருவாக, அவ ஈரலைக் கண்டா மூக்கைப் பிடிப்பா, அவுக தட்டுக்கு முன்னாடி உக்காந்து கெஞ்சுவாக. நான் என்னென்னமோ நினைச்சேன். எழுத மனசில்லை.

இப்ப கைக்குட்டைக் கதைக்கு வாரேன். அவ கைக்குட்டையில எல்லாம் நீலக் கறை இருக்கும். நான் இங்க்குன்னு நினைச்சு, பேனாவைக் கவுத்துக்கிட்டே திரியுதேன்னு வைவேன், பிளீச்சிங் போட்டுத் தேய்ப்பேன், இப்படியே ஒரு வருஷம். போன வாரம் ஆதார் கார்டு தேடும்போது அவ அலமாரியில பழைய காம்பஸ் டப்பா கையில தட்டுப்பட்டுச்சு. திறந்தா உள்ளே நீல மாத்திரை. சிலது முழுசா, சிலது எச்சில்ல கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. எண்ணினேன், இருபத்தொன்பது. முதல்ல எனக்குப் புரியவே இல்ல பாத்துக்கோ, யாரோ இவளுக்கு அதிகமாக் கொடுத்திருக்காகன்னுதான் தோணுச்சு, அதுக்கும் பள்ளிக்கூடத்து மேலதான் கோவம் வந்துச்சு. அப்புறம்தான் கைக்குட்டை ஞாபகம் வந்து அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். டீச்சர் முன்னாடி வாயில போட்டுத் தண்ணி குடிக்கிற மாதிரி காட்டி, கன்னத்துல அடக்கிக்கிட்டு வந்து கைக்குட்டையில துப்பியிருக்கா. ஏன்டி தூக்கிப் போடலைன்னு கேட்டதுக்கு, மருந்தைக் குப்பையில போட்டா பாவம்னு நீதானேம்மா சொன்னேங்குறா. இதுக்கு அழவா சிரிக்கவா, நீயே சொல்லு.

ஏன் துப்பினான்னா, நோன்பு. நீ ஆகுர்டி கம்பெனியில கான்ட்ராக்ட் முடிஞ்சு ஒன்றரை வருஷம் சும்மா இருந்தப்ப, உனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் திங்கட்கிழமைதோறும் நோன்பு வைக்கிறதா நான் நேர்ந்திருந்தேன், போன வருஷம் ஸ்கூல் திறந்த மாசம். இவளும் நானும் வைப்பேன்னு கூடச் சேர்ந்துக்கிட்டா. பெருமையாத்தான் இருந்துச்சு, வேண்டாம்னு சொல்லலை. அன்னிக்குத்தான் மாத்திரை நாள்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. நீ தோஹா போனதும் நான் நிறுத்திட்டேன். அவளும் நிறுத்திட்டதா நினைச்சேன். அவ நிறுத்தலை. காலையில ஏழு மணிக்கு ஓடுற பிள்ளை, எப்பவுமே வெறும் டீயோட போறவ, அந்த டீயையும் குடிச்சாளா கொட்டினாளான்னு நான் பார்க்கலை. மதியம் பள்ளிக்கூடத்துல போடுறாகளேன்னு நான் கேக்க மாட்டேன், வீட்டுலேருந்து சாப்பிட்டு வந்தேன்னு அவ சொன்னா அவுக கேக்க மாட்டாக. ரெண்டு பேரும் நம்பி ரெண்டு பக்கமும் பிள்ளை பட்டினி. மத்த நாள்ல மட்டும் சாப்பிட்டாளா? அதுவும் அரைகுறைதான். பெரிய பிள்ளை ஆன பொறவு தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்க வெக்கமாம், எட்டாங்கிளாஸ் பொம்பளைப் பிள்ளைங்க பாதிப் பேர் அப்படித்தானாம். மாசாமாசம் போற ரத்தம் வேற. டாக்டரம்மாகிட்ட டப்பாவைக் காட்டினேன், முதல்ல பெருமூச்சு விட்டுச் சிரிச்சாக, அப்புறம் என்னைப் பிடிச்சு ஏசின ஏச்சு இருக்கே. டெஸ்ட்ல வேற கோளாறு ஒண்ணும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். இனிமே தினமும் மாத்திரை, சாப்பிட்ட பொறவு, மூணு மாசத்துக்கு நோன்பே கூடாது, அடுத்த மாசம் பார்க்கும்போது ரத்தம் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து ஏத்தணும்னு சொல்லிட்டாக.

சொன்னா முடிஞ்சுச்சா? இப்பத்தான் எனக்குத் தலையும் புரியலை காலும் புரியலை. அவ ஏன் நிறுத்தலைன்னா, நீ சொன்னியாம். விசா வந்த அன்னிக்குப் போன்ல, இன்ஷா, உன் நோன்புலதான்டி எனக்கு வேலை கிடைச்சுச்சு, நான் ஊர் வர்ற வரைக்கும் விட்டுடாதே, விட்டா வேலை போயிடும்னு சொன்னியாம். நீ சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருப்பே, எனக்குத் தெரியும், உனக்கே ஞாபகம் இருக்காது. அவ அதைப் பிடிச்சுக்கிட்டா. மயங்கி விழுந்த அன்னிக்குக் குளுக்கோஸ் கொடுத்து நோன்பு முறிஞ்சு போச்சா, அதே வாரம் நீ போன்ல, கம்பெனியில ஆள் குறைக்காங்க, துஆ பண்ணுங்கன்னு சொன்னே. போதாதா? தன் நோன்பு முறிஞ்சதாலதான் அவ காக்கா உனக்கு வேலை போகப் போகுதுன்னு அவ முடிவே கட்டிட்டா. முறிஞ்சதை ஈடுகட்டணும்னு இப்ப வியாழக்கிழமையும் சேர்த்து வைக்கிறா. நான் மடியில உக்கார வச்சு ஊட்டினேன், வாயில வாங்கிக்கிட்டு பாத்ரூம்ல போய்த் துப்பிட்டு வந்து அழுறா. மதரஸாவுல ஓதிக்கொடுக்கிற ஆலிமாவைக் கூட்டிட்டு வந்தேன், நோயாளிக்கு நோன்பு கிடையாது, உடம்பைக் கெடுத்துக்கிட்டு வைக்கிறதுதான் குத்தம்னு அழகாச் சொன்னாக, தலையைத் தலையை ஆட்டினா, மறுநாள் அதேதான். நான் சொன்னா, உம்மா பயத்துல சொல்லுதுங்குறா. வாப்பா சொன்னா, வாப்பாவுக்கு மார்க்கம் தெரியாதுங்குறா. வாப்பா பாவம், திரும்பி என்னைப் பார்த்து, எனக்குத் தெரியாதான்னு கேக்காக. எனக்கே குழப்பம். நோன்பு நல்லதுதானே, நேர்ந்ததும் நல்லதுக்குத்தானே, மாத்திரையும் நல்லதுக்குத்தானே கொடுத்தாக, எல்லாம் நல்லதா இருந்தும் பிள்ளை எப்படி விழுந்துச்சு? யார் மேல கோவப்படணும்னு தெரியாம மூணு நாளா பாத்திரத்து மேல கோவப்பட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு குக்கர் மூடி நெளிஞ்சு போச்சு.

நேத்து சனிக்கிழமை மறுபடியும் கமிட்டி. போகவா வேண்டாமான்னு காலையிலேருந்து புடவையை மடிக்கிறதும் பிரிக்கிறதுமா இருந்தேன். உண்மையைச் சொன்னா என் பிள்ளை ஏமாத்தினவ, நான் வாயாடின்னு ஊர் சிரிக்கும். சொல்லலைன்னா இருநூறு முந்நூறு பிள்ளைங்களுக்கு என் ஒருத்தி வாயால மாத்திரை நின்னு போச்சு, அதுங்க ரத்தம் என் கழுத்துல. வாப்பாகிட்ட கேட்டேன், டப்பாவை எடுத்துக்கிட்டுப் போன்னு மட்டும் சொன்னாக. போனேன். எழுந்து நின்னதும் ஹிந்தி எங்கேயோ ஓடிப் போச்சு, பாதி தமிழ் பாதி ஹிந்தின்னு உளறினேன், டப்பாவை மேசை மேல திறந்து வச்சேன். எல்லாரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாக. அப்புறம் ஒரு மராத்திக்காரி மெதுவா, எங்க பிள்ளையும் திங்கட்கிழமை உபவாசம் இருக்கா, அவளும் துப்பியிருப்பாளோன்னு கேட்டா. இன்னொருத்தி, எங்க வீட்டுலயும் ஷ்ராவண சோமவார விரதம்னு சொன்னா. அன்னிக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்த ரெண்டு பிள்ளைங்களும் விரதத்துல வெறும் வயித்துல முழுங்கினதுங்கதானாம், அதுங்க நேர்மையா முழுங்கினதுக்குத்தான் அந்த வலி. தீபா டீச்சர் இதைத்தான் போன வருஷமே நாளை மாத்துங்கன்னு எழுதிக் கொடுத்திருந்தாகளாம், யாரும் படிக்கலை. சரி செவ்வாய்க்கிழமை கொடுக்கலாம்னா, அது கணபதிக்குங்குறாக. வியாழன் ஒருத்தருக்கு, வெள்ளி ஒருத்தருக்கு, சனி மாருதிக்கு. புனேயில இத்தனை பேர் இத்தனை நாள் பட்டினியா இருக்காகன்னு எனக்கு இருபது வருஷமா தெரியாது. கடைசியில புதன்கிழமை ஒண்ணுதான் மிச்சம், அன்னிக்கு முட்டை போடுற நாளும்கூட, பிள்ளைங்க வரிசைக்கு வெக்கப்படாம வரும். புதன்கிழமைக்கு மாத்தச் சொல்லி மேலே எழுதிப் போட்டாச்சு, டீச்சருக்குக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கணும்னு நானே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிஞ்சு தீபா டீச்சர்கிட்ட மாஃப் கரோ, மன்னிச்சுடுங்கன்னு நின்னேன். அவுக மாத்திரையை எல்லாம் ஒரு காகிதத்துல கொட்டிட்டு, டப்பாவை முந்தானையால துடைச்சு என் கையில கொடுத்து, போன கணக்குப் பரீட்சைக்கு இன்ஷா காம்பஸ் டப்பா இல்லாமத்தான் வந்தா, இனிமே இதைக் கொடுத்தனுப்புங்கன்னு மட்டும் சொன்னாக. அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

ஊர்ப் பிள்ளைங்களுக்கு வழி பிறந்துச்சு. என் பிள்ளைக்குப் பிறக்கலை. கமிட்டி கையெழுத்துப் போட்டு நாளை மாத்தலாம், இவ மனசுல நீ போட்ட கையெழுத்தை யார் மாத்துறது? இதையெல்லாம் ஆஸிமுக்குப் போன்லயே சொல்லலாமேன்னு சியாமளா ஆன்ட்டி என்கிட்ட சொல்லுதாக, அவுக போன்லேருந்து பேசுங்குறாக. பேசினா நான் ஒப்பாரி வைப்பேன், நீ பதறிப்போய் உடனே அவளைக் கூப்பிட்டு, அறிவு இருக்காடின்னு கத்துவே, நீ என் வயித்துல பிறந்தவன் தானே. கத்தினா அவ, காக்காவை உம்மா மிரட்டிச் சொல்ல வச்சிருக்குன்னு நினைப்பா. காகிதம்னா நீ ரெண்டு தடவை படிப்பே. உன்னைக் குத்தம் சொல்ல எழுதலை ஆஸிம். நேர்ந்தது நான். மூட்டி விட்டது நான், பார்க்காம விட்டதும் நான். நீ உயரத்துல ஏசி மாட்டுற பிள்ளை, இதை யோசிச்சுக்கிட்டு கால் தவறிடாதே, கீழே இறங்கின பொறவு யோசி. ஆள் குறைப்பு என்ன ஆச்சுன்னு எழுது. வேலை போனாலும் பரவாயில்ல, வா, தாபோடியில கொசுவுக்குப் பஞ்சமில்ல, வாப்பா கடையில உக்கார இடமும் இருக்கு. அவளுக்கும் அதைத்தான் சொல்லணும், வேலை போனா காக்கா வீட்டுக்கு வருவேன், அவ்வளவுதான், வேற ஒண்ணும் ஆகாதுன்னு. நான் சொல்லிப் பார்த்தேன், நான் சொன்னா ஏறலை.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நிறையத் தண்ணி குடி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலையை முடிச்சுக்கோ, மாசித்தூளை அறையில எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துட்டு நிக்காதே. ஸ்ரீவத்சனைக் கூட்டிட்டுப் போய் ஏதாவது சைவக் கடையில நல்லா வாங்கிக் கொடு. அல்லாஹ் உன் ஆயுசையும் சம்பாத்தியத்தையும் பெருக்கி, எங்க கண்ணுக்கு முன்னாடி உன்னைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், ஆமீன். எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குப் போடு. அவ படிக்கிற ஹிந்தியிலயோ இங்கிலீஷ்லயோ, உன் கையால எழுதி, போட்டோ பிடிச்சு அவளுக்கே அனுப்பு. பெருசா ஒண்ணும் வேண்டாம், நோன்பு போதும்டி, நீ சாப்பிடுன்னு எழுதினாப் போதும், கோவமில்லாம எழுது. நாளைத் திங்கட்கிழமைக்கு இது எட்டாது, ஸ்ரீவத்சன் இதை உன் கையில கொடுக்கிறது வெள்ளிக்கிழமை. நடுவுல ரெண்டு நாள்தான் இருக்கு ஆஸிம், அதுக்கடுத்தது திங்கட்கிழமை.

துஆவுடன்
உன் உம்மா
ஹபீபா முகம்மது மீரான்